பனி குறைந்தால் பட்டினி

தென் துருவம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? கண்ணுக்கு எட்டிய தூரம் வரையில் வெள்ளை வெளேரென்று கிடக்கும் பனி; அதன்மேல் ஊளையிட்டுச் செல்லும் காற்று; எங்கேயோ ஒரு மூலையில், கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் புறப்பட்ட வக்கீல்களைப் போல் வரிசையாக நிற்கும் பெங்குவின் பட்சிகள். இவ்வளவுதான். பூலோகத்தில் உயிர் வாழ்வதற்குச் சற்றும் தகுதியில்லாத இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்று தீர்மானித்து விடுகிறோம்.

தரையைப் பொறுத்த வரையில் இந்தத் தீர்மானம் ஏறக்குறையச் சரிதான். அண்டார்டிகா கண்டத்தில் மரம் இல்லை, புதர் இல்லை, தரையிலேயே மேய்ந்து பிழைக்கும் நாலுகால் பிராணி ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்தக் கண்டத்தைச் சுற்றி வளையமிட்டுக் கிடக்கும் தென் சமுத்திரத்தின் கதையே வேறு. அங்கே லக்ஷக்கணக்கான பெங்குவின்களும் ஸீல்களும் கடற்பறவைகளும் வயிறார உண்டு வாழ்கின்றன. இந்தப் பூமியில் இதுவரை தோன்றிய பிராணிகளிலெல்லாம் பெரியதான நீலத் திமிங்கிலம், கோடை தோறும் வெகுதூரம் நீந்தி அங்கே விருந்துண்ணப் போகிறது.

அவ்வளவு குளிரில் அவ்வளவு வாய்களுக்கும் அன்னமிடுவது எது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால், உலகம் சூடேறி வருவதால் அங்கே நேர்ந்துவரும் விபரீதமும் தானே விளங்கிவிடும். கொஞ்சம் பொறுமையுடன் நம்மோடு வருமாறு வாசகர்களை வேண்டிக்கொள்கிறோம்.

பனிக்கு அடியில் ஒரு மேய்ச்சல் நிலம்

1839 முதல் 1843 வரையில் "எரிபஸ்", "டெரர்" என்னும் இரண்டு பாய்மரக் கப்பல்கள் தென் சமுத்திரத்தை ஆராய்ந்தன. அவற்றின் தலைவர் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் என்பவர். அந்தக் கோஷ்டியில் ஜோஸப் ஹூக்கர் என்ற இளம் தாவர சாஸ்திரி ஒருவர் இருந்தார். கப்பல் உடைத்துத் தள்ளிய கடற்பனிக் கட்டிகள் பழுப்பு நிறமாகக் கறை படிந்திருந்ததை அவர் கவனித்தார். அந்தக் கறையைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால் அது அழுக்கு அல்ல, உயிருள்ள தாவரம்! ஒரே ஓர் அணுவறையால் ஆன, டயாட்டம் என்னும் நுண்பாசி. தரையில் புல் எப்படியோ, அப்படியே அந்தச் சமுத்திரத்தில் உயிர்களுக்கெல்லாம் ஆதாரம் இந்தப் பாசிதான் என்று ஹூக்கர் அப்போதே உணர்ந்தார்.

கடல் நீர் உறைவதற்கு ஏறக்குறைய மைனஸ் 1.8 டிகிரி ஸென்டிகிரேடு குளிர் வேண்டும். உறையும்போது அது தன்னிடமுள்ள உப்பை வெளியே தள்ளுகிறது. அந்த உப்பு நீர் பனிக்குள் மயிரிழை போன்ற நாளங்களை உண்டாக்குகிறது. உறையும் நீரில் அகப்பட்ட பாசி இந்த நாளங்களிலும், பனியின் அடிப்புறத்திலும் குடியேறிக்கொள்கிறது. மங்கலான வெளிச்சமே அதற்குப் போதும். நாம் மேலே நின்று பார்த்தால் வெறும் வெண்பனி. கீழே தலைகீழாகத் தொங்கும் ஒரு புல்வெளி!

வசந்தம் வந்து பனி உருகும்போது இரண்டு காரியங்கள் நடைபெறுகின்றன. பனியில் சேமித்து வைத்திருந்த பாசி கடலில் விதையைப் போல் தூவப்படுகிறது. உருகிய நல்ல நீர், உப்பு நீரைவிட லேசானதாகையால், ஒரு மெல்லிய போர்வை போல் மேலே மிதக்கிறது. அந்தப் போர்வைக்குள் அகப்பட்ட பாசி ஆழத்துக்கு இழுத்துச் செல்லப்படாமல் சூரிய ஒளியிலேயே தங்கிச் செழித்துப் பெருகுகிறது. ஆகவே, துருவக் கடலில் பனி என்பது உயிரை ஒடுக்கும் சிறை அன்று. அதுதான் விதைநெல் வைத்திருக்கும் குதிர், அதுதான் நாற்றங்கால்.

இந்தக் குதிரின் அளவைக் கேட்டால் பிரமிப்பு உண்டாகும். குளிர்காலத்தின் முடிவில் அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள கடற்பனி சாதாரணமாகச் சுமார் 1 கோடியே 85 லக்ஷம் சதுர கிலோமீட்டர் பரந்திருக்கும். அதாவது இந்தியாவைப் போல் ஐந்தரை மடங்கு. கோடையின் முடிவில் அது சுருங்கி, இந்தியாவின் பரப்பைவிடச் சற்றுக் குறைவாகிவிடும். ஆண்டுதோறும் இவ்விதம் விரிந்து சுருங்குவது பூமி மூச்சு விடுவதைப் போலவே இருக்கிறது.

கிரில் என்னும் அன்னதாதா

பாசியைத் திமிங்கிலம் நேரே தின்ன முடியாது. பெங்குவினும் தின்ன முடியாது. நடுவில் ஒரு சமையற்காரன் வேண்டும். அந்தச் சமையற்காரனுக்குத்தான் கிரில் என்று பெயர்.

கிரில் என்பது இறாலை ஒத்த ஒரு சிறு ஜந்து. நம் கடற்கரைச் சந்தைகளில் காயவைத்து விற்கும் கூனியைப் பார்த்திருப்பவர்களுக்கு அதன் உருவம் எளிதில் விளங்கும். ஆனால் அண்டார்டிகாக் கிரில் கூனியைவிடப் பெரியது. நன்றாக வளர்ந்தால் 6 ஸென்டிமீட்டர் வரை நீளும். உடல் கண்ணாடி போல் இருக்கும். ஆங்காங்கே சிவப்புப் புள்ளிகள். கரிய பெரிய கண்கள். 5, 6 ஆண்டுகள்வரை உயிர் வாழும். கூட்டங் கூட்டமாகத் திரியும். ஒரு பெருங் கூட்டம் மேலே வந்தால் கடல் நீரே செந்நிறமாகத் தோன்றும். தென் சமுத்திரத்திலுள்ள கிரில் அனைத்தையும் நிறுத்துப் பார்க்க முடியுமானால் 30 கோடி டன்னுக்குக் குறையாது என்று விஞ்ஞானிகள் மதிப்பிடுகிறார்கள்.

கோடையில் பெண் கிரில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது. அவை நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு அமிழ்ந்து, இருட்டிலே பொரிக்கின்றன. பொரித்த குஞ்சு பல வார காலம் மேல் நோக்கி நீந்தி வருகிறது. மேலே வந்து சேரும் சமயத்தில் அதன் கட்டுச்சோறு தீர்ந்து போயிருக்கும். அதற்குள் குளிர்காலமும் வந்துவிடும். சூரியன் மறைய, கடலில் மிதக்கும் பாசியும் மறைந்துவிடுகிறது. அப்போது அந்தக் குஞ்சுக்கு ஒரே ஒரு புகல்தான் உண்டு: பனியின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் அந்தத் தலைகீழ்ப் புல்வெளி.

வளர்ந்த கிரிலுக்குப் பசியைத் தாங்கும் சக்தி அபாரம். பரிசோதனைச் சாலையில் 200 நாட்களுக்கு மேல் ஆகாரமின்றி உயிரோடு இருந்திருக்கிறது. சதை வற்ற வற்ற, சட்டையைக் கழற்றிச் சின்னச் சட்டை போட்டுக்கொள்வது போல், ஓட்டை உரித்து உரித்துத் தன் உடலையே சிறுத்துக்கொள்கிறது! ஆனால் குஞ்சுக்கு இந்த வித்தை தெரியாது. முதற் குளிர்காலத்தில் பனியும் பாசியும் கிடைத்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் மடியும். தென் சமுத்திரத்தின் தலைவிதி முழுவதும் இந்தச் சின்னஞ்சிறு குஞ்சின் முதற் குளிர்காலத்தைப் பற்றிக்கொண்டு நிற்கிறதென்றால் மிகையாகாது.

படி குறைந்த ஏணி

பள்ளிக்கூடத்தில் நாம் உணவுச் சங்கிலியைப் பற்றிப் பாடம் சொல்லும்போது ஒரு கணக்கைக் கரும்பலகையில் எழுதுவது வழக்கம். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறும்போது, உண்ட உணவில் உத்தேசமாகப் பத்தில் ஒரு பங்குதான் உடலாகச் சேர்கிறது. மீதி நடமாட்டத்திலும் மூச்சிலும் கழிவிலும் போய்விடுகிறது. ஆயிரம் கிலோ பாசி, நூறு கிலோ கிரில் ஆகும். நூறு கிலோ கிரில், பத்துக் கிலோ திமிங்கிலம் ஆகும்.

உஷ்ணப் பிரதேசக் கடல்களில் இந்த ஏணிக்குப் படிகள் அதிகம். நுண்பாசியை நுண்ணுயிர் தின்ன, அதைச் சிறு மீன் தின்ன, அதைப் பெரு மீன் தின்ன என்று போகும். ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒன்பது பங்கு நஷ்டம். தென் சமுத்திரத்திலோ பாசி, கிரில், திமிங்கிலம் என்று மூன்றே படிகள். நஷ்டம் குறைவு, ஆகையால்தான் குளிர் மிகுந்த அக்கடலில் அத்தனை பெரிய பிராணிகள் அத்தனை ஏராளமாய்ப் பெருக முடிந்தது. "நண்டு தின்னி" என்று பெயர் வாங்கிய ஒரு ஸீல் அங்கே உண்டு. பெயர்தான் அப்படி, தின்பதெல்லாம் கிரில்தான். அதன் பற்களே கிரிலை வடிகட்டுவதற்கென்று சல்லடை போல் அமைந்திருக்கின்றன.

ஆனால் படி குறைந்த ஏணியில் ஓர் அபாயமும் இருக்கிறது. பத்துப் படி ஏணியில் ஒரு படி முறிந்தால் தாண்டி ஏறிவிடலாம். மூன்று படி ஏணியில் நடுப்படி முறிந்தால் என்ன செய்வது?

குறைந்துவரும் குதிர்

நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து நாம் ஆகாயத்தில் ஏற்றிவிட்ட கரியமில வாயு, சூரிய வெப்பத்தைப் போர்வை போல் தடுத்து வைக்கிறது. அவ்விதம் மிஞ்சிய உஷ்ணத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் சமுத்திரங்களே ஏற்றுக்கொண்டிருக்கின்றன. அதன் விளைவு துருவங்களில் முதலில் தெரிகிறது.

தென் அமெரிக்காவின் நுனியை நோக்கி அண்டார்டிகாவிலிருந்து ஒரு நீண்ட விரல் நீட்டிக் கொண்டிருக்கிறது. அதற்கு அண்டார்டிகாத் தீபகற்பம் என்று பெயர். கிரில் மிகுதியாக வாழ்வது இதை ஒட்டிய கடலில்தான். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்தத் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் காற்றின் உஷ்ணம் ஏறக்குறைய 3 டிகிரி உயர்ந்தது. உலகத்தில் மிக வேகமாகச் சூடேறிய இடங்களில் ஒன்றாக அது ஆகிவிட்டது. அங்கே ஆண்டில் பனி மூடியிருக்கும் காலம், 1979-இல் இருந்ததைவிடச் சுமார் 3 மாதம் குறைந்து போயிற்று.

"அப்படியானால் 2014-ஆம் ஆண்டு செப்டம்பரில் அண்டார்டிகாவின் கடற்பனி 2 கோடி சதுர கிலோமீட்டரை எட்டியதாகச் சொன்னார்களே, அது எப்படி?" என்று விவரம் அறிந்த வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வடதுருவப் பனி ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்துவந்தபோது தென் துருவப் பனி மட்டும், தீபகற்பப் பக்கத்தில் குறைந்தாலும், மொத்தத்தில் மெல்ல வளர்ந்துதான் வந்தது. காற்றின் போக்கு அதற்கு ஒரு முக்கிய காரணம். ஆனால் 2016-க்குப் பிறகு நிலைமை தலைகீழாக மாறியது. 2023 பிப்ரவரியில் கடற்பனி 18 லக்ஷம் சதுர கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிற்று. அதே ஆண்டு செப்டம்பரில், பனி உச்சத்தில் இருக்க வேண்டிய சமயத்தில், 1 கோடியே 70 லக்ஷத்தைக்கூட எட்டவில்லை. செயற்கைக் கோள்கள் 1979 முதல் எடுத்துவரும் கணக்கில் அதற்கு முன் கண்ட மிகக் குறைந்த உச்சத்தைவிட இது 10 லக்ஷம் சதுர கிலோமீட்டருக்கு மேல் குறைவு.

குதிர் குறைந்தால் கிரில் என்ன ஆகும்? தென் அட்லாண்டிக்கின் மேற்குப் பாகத்தில் 1926 முதல் பல தேசத்துக் கப்பல்கள் வலை வீசி எடுத்த கணக்குகள் இருக்கின்றன. அவற்றை ஒன்று சேர்த்துப் பார்த்து 2019-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று, கிரிலின் இருப்பிடம் 90 ஆண்டுகளில் சுமார் 440 கிலோமீட்டர் தெற்கே ஒதுங்கிவிட்டதென்று கூறுகிறது. அகப்படும் கிரிலின் சராசரி நீளமும் 6 மில்லிமீட்டர் கூடியிருக்கிறதாம். பெரிய கிரில் என்றால் நல்லதுதானே என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு கிராமத்துக்குப் போகிறோம். தெருவெல்லாம் கிழவர்களாகவே இருக்கிறார்கள். குழந்தைகளின் சத்தமே கேட்கவில்லை. அந்தக் கிராமத்தைப் பற்றி நாம் என்ன நினைப்போம்? மொத்த எண்ணிக்கை எவ்வளவு குறைந்தது என்பதில் விஞ்ஞானிகளுக்குள் வாதம் உண்டு. குறையவே இல்லை என்று பழைய கணக்குகளை வேறு விதமாகப் பார்த்துச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பனியை நம்பிப் பிழைக்கும் குஞ்சுக்குப் பனியில்லாத குளிர்காலம் கெடுதல் என்பதில் விவாதம் இல்லை.

பெங்குவின்களின் சாட்சியம்

கடலுக்குள் நடப்பதைக் கண்ணால் பார்ப்பது கஷ்டம். கரையிலே கூடு கட்டும் பட்சிகளை எண்ணுவது எளிது. தீபகற்பத்தை ஒட்டிய ஆன்வர்ஸ் தீவில் பால்மர் நிலையம் என்ற அமெரிக்க ஆராய்ச்சிச் சாலை இருக்கிறது. 1970-களின் நடுவில் அதைச் சுற்றியுள்ள தீவுகளில் அடேலி என்னும் ஜாதிப் பெங்குவின்கள் சுமார் 15,000 ஜோடி முட்டையிட்டு வந்தன. அவற்றில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் இப்போது இல்லை. அடேலி பெங்குவின் பனியை விட்டுப் பிரிந்து வாழ முடியாத பட்சி. அவை போன இடத்தில் 1990-களிலிருந்து ஜென்டூ என்னும் வேறு ஜாதி குடியேறிப் பெருகி வருகிறது. ஜென்டூவுக்குப் பனி வேண்டுமென்ற கட்டாயம் இல்லை; கிரில் குறைந்தால் மீனையும் தின்று பிழைத்துக்கொள்ளும்.

போதாக்குறைக்கு இன்னொரு துன்பமும் சேர்ந்தது. சூடான காற்று அதிக ஈரத்தைச் சுமக்கும். ஆகவே தீபகற்பத்தில் வசந்த காலத்தில் வழக்கத்தைவிட அதிகமாகப் பனிமழை பெய்கிறது. அடேலி பெங்குவின் கூழாங்கற்களைப் பொறுக்கிக் கூடு கட்டும் பட்சி. பனி உருகிக் கூட்டில் தண்ணீர் தேங்கினால் முட்டை குளிர்ந்து கெட்டுவிடும். உலகம் சூடேறியதால் பனிமழை அதிகமாகி முட்டை அழுகுவது விந்தையாகத் தோன்றலாம். இயற்கையின் கணக்கு நாம் நினைக்கிறபடி நேர்கோட்டில் போவதில்லை.

எல்லாவற்றிலும் பரிதாபமானது சக்கரவர்த்திப் பெங்குவின்களின் கதை. பெங்குவின்களில் இதுவே பெரியது. நடுக் குளிர்காலத்தில், இருட்டிலே, கரையோடு ஒட்டி உறைந்த கடற்பனியின்மேல் இது முட்டையிடுகிறது. தாய் கடலுக்குப் போய்விடும். தகப்பன் முட்டையைத் தன் பாதங்களின்மேல் தாங்கி, வயிற்றுத் தோலால் மூடி, இரண்டு மாதத்துக்கு மேல் ஓர் இரையும் தின்னாமல் நின்றபடியே அடைகாக்கும். இவ்வளவு தவமிருந்து பொரித்த குஞ்சுக்கு, நீர் ஒட்டாத இறகு முளைக்க டிசம்பர், ஜனவரி ஆகிவிடும். அதுவரையில் காலின் கீழ் பனி நிலைத்திருக்க வேண்டும்.

2022-ஆம் ஆண்டு பெல்லிங்ஸ்ஹௌஸன் கடலில் அது நிலைத்திருக்கவில்லை. அங்கே ஐந்து இடங்களில் சக்கரவர்த்திப் பெங்குவின்கள் குடியிருந்தன. நான்கு இடங்களில், குஞ்சுகளுக்கு இறகு முளைப்பதற்கு முன்பே பனி உடைந்து போயிற்று. அந்த நான்கிலும் ஒரு குஞ்சுகூடத் தப்பியிருக்காது என்பது ஆராய்ச்சியாளர்களின் முடிவு. பனியின்மேல் எச்சத்தினால் ஏற்படும் பழுப்புக் கறையைச் செயற்கைக் கோளின் படங்களில் தேடித்தான் இந்தக் குடியிருப்புகளை அவர்கள் கவனித்து வருகிறார்கள். அந்த வருஷம் கறை இருந்த இடத்தில் கடல் இருந்தது.

சோற்றுக்குப் பதில் கஞ்சித் தண்ணீர்

ஒரு சமயம் இந்தப் பாடத்தை நடத்தியபோது, ஒரு மாணவி எழுந்து, "கிரில் இல்லாவிட்டால் வேறு எதையாவது தின்றுவிட்டுப் போகட்டுமே, ஸார்!" என்றாள். கெட்டிக்காரக் கேள்வி. அதற்கும் தென் சமுத்திரம் பதில் வைத்திருக்கிறது.

பனி குறைந்து நீர் சூடேறும் இடங்களில் ஸால்ப் என்ற மற்றொரு ஜந்து பெருகுகிறது. பார்ப்பதற்கு ஜெல்லியால் செய்த சின்னஞ்சிறு பீப்பாய் போலிருக்கும். அதுவும் பாசியைத்தான் உண்கிறது. கிரிலைவிட வேகமாகப் பெருகவும் செய்கிறது. ஆனால் அதன் உடலில் பெரும்பகுதி வெறும் நீர். கொழுப்பும் சத்தும் மிகுந்த கிரிலைத் தின்று வளர்ந்த பிராணிக்கு ஸாலப்பைக் கொடுப்பது, உழுதுவிட்டு வந்தவனுக்குச் சோற்றுக்குப் பதில் கஞ்சித் தண்ணீரை ஊற்றுவது போலத்தான். வயிறு நிறையும், பசி தீராது.

உஷ்ணம் உயர்வதால் பசி எவ்வாறு கொலை செய்யும் என்பதற்குத் தெளிவான உதாரணம் உலகத்தின் மறு கோடியில் கிடைத்திருக்கிறது. வடக்கே அலாஸ்காவுக்கும் ருஷ்யாவுக்கும் நடுவே பெரிங் கடல் இருக்கிறது. அங்கேயும் குளிர்காலப் பனியின்கீழ் பாசி வளரும். பனி உருகிய பின் அடியில் தங்கும் மிகக் குளிர்ந்த நீரில் பனி நண்டுகள் வாழும். 2018, 2019 ஆண்டுகளில் அக்கடல் என்றுமில்லாத விதமாகச் சூடாகியது. பனியும் வெகுவாகக் குறைந்தது. 2021-க்குள் 1,000 கோடிக்கு மேற்பட்ட பனி நண்டுகள் மறைந்துவிட்டன. வெந்நீரில் விழுந்து சாவது போல் அவை சாகவில்லை. நீர் சற்று வெதுவெதுப்பானதும் அவற்றின் உடல் வேகமாக இயங்கி, முன்னைவிட அதிக ஆகாரம் கேட்டது. ஒதுங்கி நெருங்கிய கூட்டத்தில் அவ்வளவு ஆகாரம் கிடைக்கவில்லை. பட்டினியே காரணம் என்று 2023-இல் விஞ்ஞானிகள் எடுத்துக் காட்டினார்கள். 2022-இல் அலாஸ்கா அரசாங்கம் அந்த நண்டு வேட்டையைச் சரித்திரத்தில் முதல் முறையாக மூடியது. நண்டை நம்பியிருந்த கிராமங்களின் அடுப்பும் அத்துடன் அணைந்தது.

திமிங்கிலம் கற்பித்த பாடம்

மீண்டும் தெற்கே வருவோம். அங்கே நாம் செய்த பழைய பிழை ஒன்று இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் பூமியின் தென்பாதிக் கடல்களில் மட்டும் 20 லக்ஷத்துக்கு மேற்பட்ட திமிங்கிலங்களை மனிதர்கள் கொன்று எண்ணெய் எடுத்தார்கள். நீலத் திமிங்கிலத்தில் நூற்றுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. கிரிலைத் தின்ன ஆளில்லை. இனிக் கிரில் பெருகித் ததும்பப் போகிறது என்று பலர் எதிர்பார்த்தார்கள். அவ்விதம் ததும்பியதாகத் தெரியவில்லை.

காரணம் என்ன? தென் சமுத்திரத்தில் மற்ற உரங்களெல்லாம் இருந்தும் இரும்புச் சத்து மட்டும் போதாது. திமிங்கிலத்தின் சாணத்தை ஆராய்ந்தபோது அதில் கடல் நீரில் இருப்பதைப் போல் ஏறக்குறைய ஒரு கோடி மடங்கு இரும்பு இருப்பது தெரிந்தது. திமிங்கிலம் கிரிலைத் தின்கிறது. நீரின் மேற்பரப்பில் சாணமிடுகிறது. அந்த எருவில் பாசி வளர்கிறது. பாசியைக் கிரில் தின்கிறது. மாடு வயலில் மேய்ந்து வயலுக்கே எருவிடுகிற அதே முறைதான். மாட்டை விற்றுவிட்டால் புல் மிச்சமாகும் என்று கணக்குப் போட்ட குடியானவன், எருவை மறந்துவிட்டான்! ஏணி என்று இதுவரை நாம் சொல்லி வந்தது உண்மையில் ஒரு சக்கரம். எங்கே தொட்டாலும் முழுவதும் அசையும்.

இப்போது திமிங்கில வேட்டை நின்றுவிட்டது. கூனல் திமிங்கிலங்கள் நல்ல வேகத்தில் பெருகி வருகின்றன. நீலத் திமிங்கிலங்களும் மெல்லத் தேறுகின்றன. திரும்பி வரும் இந்த விருந்தாளிகளுக்கு இலையில் சோறு இருக்குமா என்பதே இன்றையக் கேள்வி.

பந்தியில் நமக்கும் இடம் உண்டு

ஏனெனில் கிரிலை நாமும் பிடிக்கிறோம். பிரம்மாண்டமான கப்பல்கள் அதை அள்ளி, வளர்ப்பு மீன்களுக்குத் தீனியாகவும், மருந்துக் கடைகளில் விற்கும் எண்ணெய் மாத்திரைகளாகவும் மாற்றுகின்றன. இதில் முதலிடம் நார்வேக்கு, அடுத்தது சீனா.

இந்த வேட்டையை ஒழுங்கு செய்ய 1982-இல் அமுலுக்கு வந்த ஓர் உடன்படிக்கை இருக்கிறது. அதன் சபை ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் கூடுகிறது. ஒரு பிராணியைப் பிடிக்கும்போது, அதை உண்டு வாழும் மற்றப் பிராணிகளின் பங்கையும் கணக்கில் வைக்க வேண்டும் என்பது அதன் ஆதார விதி. இதைவிடத் தர்மமான விதி வேறென்ன இருக்க முடியும்? அதன்படி தென் அட்லாண்டிக் பகுதியில் ஆண்டுக்கு 6,20,000 டன் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அங்குள்ள கிரிலில் இது நூற்றில் ஒரு பங்குதான் என்று வேட்டைக்காரர்கள் சமாதானம் சொல்கிறார்கள். ஆனால் கப்பல்கள் சமுத்திரம் முழுவதும் பரவலாகப் பிடிப்பதில்லை. பெங்குவின்களும் திமிங்கிலங்களும் மேயும் அதே கரையோரங்களில்தான் வலை இறக்குகின்றன. எந்தப் பகுதியில் எவ்வளவு என்று பங்கிட்டிருந்த விதி 2024-இல் காலாவதியாயிற்று. புதுப்பிக்க உடன்பாடு ஏற்படவில்லை. 2025-இல் பருவம் முடிவதற்கு வெகு முன்பே 6,20,000 டன் முழுவதும் பிடித்தாகிவிட்டது. வேட்டையை நிறுத்த நேர்ந்தது.

அந்தச் சபையில் நம் பாரத நாடு 1986 முதல் அங்கம் வகிக்கிறது. 1981-இல் நம் முதல் அண்டார்டிகா யாத்திரை புறப்பட்டது. இன்று மைத்ரி, பாரதி என்ற இரண்டு நிலையங்கள் அங்கே நம் கொடியின் கீழ் நடைபெறுகின்றன. 1995-96-இல் ஸாகர் ஸம்பதா என்ற நம் கப்பல் கிரிலைப் பற்றியே ஆராயத் தென் சமுத்திரம் சென்று வந்தது. 2022-இல் நம் பார்லிமெண்டு அண்டார்டிகாவுக்கென்றே ஒரு சட்டம் செய்தது. ராஸ் கடலில் 2017 டிசம்பர் முதல் ஒரு பெரும் பரப்பு பாதுகாக்கப்பட்டு வருகிறது. அது போலவே கிழக்கு அண்டார்டிகாவிலும் வெட்டல் கடலிலும் பாதுகாப்பு எல்லைகள் வகுக்க வேண்டும் என்ற யோசனையை 2021-இல் இந்தியா ஆதரித்தது. அந்தச் சபையில் எல்லாரும் ஒருமனதாகச் சம்மதித்தாலன்றி எதுவும் நிறைவேறாது. ருஷ்யாவும் சீனாவும் சம்மதிக்காமையால், பல வருஷக் கூட்டங்கள் கழிந்தும் யோசனை யோசனையாகவே நிற்கிறது.

பனி உருகுவதை நாளைக்கே நிறுத்திவிட யாராலும் முடியாது. கரியமில வாயுவைக் குறைப்பது உலகம் முழுவதும் சேர்ந்து, பல்லாண்டு பாடுபட்டுச் செய்ய வேண்டிய காரியம். அதில் அதிகமாக எரித்துச் சுகம் கண்ட தேசங்களின் பொறுப்பே பெரிது. ஆனால் வலையைச் சற்று எட்ட இறக்குவது அப்படியல்ல. ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்த மனிதர்கள் ஒரே நாளில் செய்துவிடக்கூடிய காரியம் அது. விளைச்சல் குறைந்த வருஷத்தில் குடும்பஸ்தன் குதிரிலிருந்து அதிகமாக அள்ளமாட்டான். குழந்தைகளின் பங்கை முதலில் எடுத்து வைப்பான். அந்தச் சிறு விவேகத்தைத்தான் நம் பிரதிநிதிகள் ஹோபார்ட்டில் ஆண்டுதோறும் விடாமல் வற்புறுத்த வேண்டும். அவ்விதம் வற்புறுத்துகிறார்களா என்று கேட்கும் உரிமை, பத்திரிகை படிக்கும் ஒவ்வொரு பிரஜைக்கும் உண்டு.

மருந்துக் கடையில் கிரில் எண்ணெய்ப் புட்டியைக் கையில் எடுக்கும்போது, பனியின் அடியில் முதற் குளிர்காலத்தைக் கழிக்கும் அந்தக் குஞ்சை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். அது பிழைத்தால்தான் மற்றவையெல்லாம் பிழைக்கும்.